குறிகள் பொருந்தின, எஞ்சின் ஒத்துழைக்கவில்லை: வீட்டில் கோத்த வால்வு அமைப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நண்பர் ஒருவர் தம் காரின் சிலிண்டர் ஹெட்டை வீட்டிலேயே இறக்கி, ஹெட் கேஸ்கட்டை மாற்றி, மீண்டும் கோத்தார். வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடும்படி கோக்க உதவும் டைமிங் குறிகள் அத்தனையும் நேராக நின்றன. எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தபோதும் அவை விலகவில்லை. ஆனாலும் எஞ்சின் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்றிய பிறகே பற்றியது, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத ஓட்டத்தில்) குலுங்கியது, குறைந்த வேகத்தில் இழுவையே இல்லை. வேகத்தை ஏற்றினால் மட்டும் ஓரளவு தெளிந்தது. கணினிக் கருவியைச் செருகியபோது பி0016 என்ற குறியீடு வந்தது. கிராங்க்ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நிலையும் கேம்ஷாஃப்டின் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) நிலையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது அதன் பொருள்.

வேலை செய்தவர் கவனக்குறைவானவர் அல்லர். கேம் தாங்கி மூடிகளை எண் வரிசைப்படியும் அம்புக்குறியின் திசைப்படியும் வைத்திருந்தார். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிச் சிறிது சிறிதாக இறுக்கியிருந்தார். வால்வு இடைவெளியைத் தீர்மானிக்கும் சிறு தகடான ஷிம் ஒவ்வொன்றையும் பெயர்ச்சீட்டு ஒட்டித் தனித்தனி அறையில் வைத்து, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்திருந்தார். இத்தனை ஒழுங்குக்குப் பிறகும் பிழை எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த நிகழ்வை எழுதிவைக்கத் தூண்டியது.

எஞ்சினும் நடந்த வேலையும்

நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, ஹெட்டின் மேல் இரண்டு கேம்ஷாஃப்ட். கிராங்கிலிருந்து ஒரு பல் பெல்ட் இரண்டு கேம்களையும் சுழற்றுகிறது. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 20 பற்கள், கேம் ஸ்ப்ராக்கெட்டுகளில் 40 பற்கள். ராக்கர் கைகள் கிடையாது. கேம் நேராகப் பக்கெட் டேப்பெட்டை அழுத்துகிறது. பக்கெட்டின் தலையில் இருக்கும் வட்டமான ஷிம்மின் கனம்தான் வால்வு இடைவெளியைத் தீர்மானிக்கிறது. ஹைட்ராலிக் சரிசெய்தல் எதுவும் இல்லாத அமைப்பு. எனவே ஷிம்மை மாற்றாமல் இடைவெளி தானாகத் திருந்தாது.

ஹெட்டின் அடிப்பரப்பு பட்டறையில் 0.2 மி.மீ. சீவப்பட்டது. மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் சீட் (வால்வு மூடும்போது பதிந்து உட்காரும் வளையம்) ஒன்று குழிவிழுந்திருந்ததால் அதை மட்டும் புதிதாக வெட்டினார்கள். மற்ற வால்வுகளுக்குச் சாதாரண லேப்பிங் (வால்வும் சீட்டும் பொருந்தப் பசையிட்டுத் தேய்த்தல்) போதுமானதாக இருந்தது. பெல்ட் அண்மையில்தான் மாற்றப்பட்டிருந்தது. அதனால் கீழ்ப்புற மூடியையும் கிராங்க் புல்லியையும் கழற்றாமல், பெல்ட்டைக் கேம் ஸ்ப்ராக்கெட்டுகளிலிருந்து மட்டும் நழுவவிட்டு ஹெட்டை இறக்கினார். பலரும் எடுக்கும் குறுக்குவழி இது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணம் பின்னால் தானாகவே தெரியவரும்.

இன்னொன்றும் நடந்தது. பெல்ட்டை நழுவவிடும் முன் முதல் சிலிண்டரை உச்சிக்கு, அதாவது அதன் பிஸ்டன் மிக மேலே நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்து குறிகளைப் பார்த்துக்கொள்ளவில்லை. கோக்கும்போது எப்படியும் குறிகளைச் சேர்க்கத்தானே போகிறோம் என்ற எண்ணம். பிரிப்பதற்கு முன் எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் புல்லிக் குறியும் கேம் குறிகளும் எப்படி நின்றன என்பதற்கு ஒரு புகைப்படம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

முதல் சந்தேகங்கள்

வால்வு வளைந்துவிட்டதோ என்ற அச்சம் முதலில் எழுந்தது. பிஸ்டனும் வால்வும் ஒன்றன் பாதையில் மற்றொன்று குறுக்கிடும் எஞ்சின் இது. டைமிங் பெரிதாகப் பிசகினால் மோதல் நிச்சயம். ஆனால் அவர் ஸ்டார்ட்டரைத் தொடும் முன் பிளக்குகளைக் கழற்றிக் கையால் சுற்றியிருந்தார். எங்கும் கெட்டியான தடை தட்டுப்படவில்லை. ஒரு பல் பிசகினால் பெரும்பாலான எஞ்சின்கள் மோதாமல் தப்பிவிடும். எனவே வளைவைக் கடைசிச் சந்தேகமாக ஒதுக்கினோம்.

ஹெட்டைச் சீவியதால் டைமிங் பிசகியதா? ஹெட் தாழ்ந்தால் கேமுக்கும் கிராங்குக்கும் இடையிலான தூரம் குறைகிறது. பெல்ட்டின் இறுக்கமான பக்கம் அதே அளவு சுருங்குவதால் கேம் சற்றுப் பின்தங்கும். எவ்வளவு என்று கணக்கிடலாம். பெல்ட்டின் பல் இடைவெளி 8 மி.மீ.; 40 பல் ஸ்ப்ராக்கெட்டின் சுற்றளவு 320 மி.மீ. அதில் 0.2 மி.மீ. என்பது கேமில் கால் டிகிரிக்கும் குறைவு, கிராங்கில் அரை டிகிரிக்கும் குறைவு. இவ்வளவு சிறிய பின்தங்கலால் எஞ்சின் குலுங்காது. கணினியும் குறியீடு எழுப்பாது.

சென்சார் பழுதாக இருக்கும் என்று நண்பர் கருதினார். குறிகள் எல்லாம் நேராக நிற்கும்போது கணினி மட்டும் முரண் என்கிறதென்றால், தவறு சென்சாரில்தான் என்று யாருக்கும் தோன்றும். வாங்கி மாற்றும் முன் சில அளவுகளை எடுத்துப் பார்ப்போம் என்றேன்.

இரண்டு கருவிகள், ஒரே செய்தி

வெற்றிட மானியை, சிலிண்டர்களுக்குக் காற்று வரும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டில் இணைத்தோம். ஆரோக்கியமான எஞ்சினில் ஐடிலின்போது 18 முதல் 20 பாதரச அங்குலம் வரை ஊசி அசையாமல் நிற்கும். இங்கே 14-ஐ ஒட்டித் தாழ்ந்து நின்றதோடு, சீரான தாளத்தில் ஒருமுறை கீழே துள்ளித் துள்ளி மீண்டது.

அடுத்தது கம்ப்ரெஷன் சோதனை. எரிபொருளும் தீப்பொறியும் துண்டிக்கப்பட்டு, எல்லா பிளக்குகளும் கழற்றப்பட்டு, த்ராட்டில் முழுதாகத் திறந்த நிலையில் எடுத்த அளவுகள் சிலிண்டர் வரிசைப்படி 145, 150, 95, 145 பி.எஸ்.ஐ. இந்த எஞ்சினுக்கு 180 அளவில் இருக்கவேண்டும்.

இந்த நான்கு எண்களை அவசரமாகப் படித்தால் மூன்றாவது மட்டும் கண்ணில் படும். மூன்றாம் சிலிண்டரில் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டு மறுபடி ஹெட்டை இறக்கத் தோன்றும். ஆனால் மற்ற மூன்றும்கூடக் குறைவுதான். அதுவும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குறைவு. நான்கு வால்வுத் தொகுதிகளும் தனித்தனியே, ஒரே அளவில் கசிய வாய்ப்பில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒன்றுதான் அவற்றைக் கீழே இழுக்கிறது. அது கேம் டைமிங். இன்டேக் வால்வு தாமதமாக மூடினால், மேலேறத் தொடங்கிய பிஸ்டன் உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியை மேனிஃபோல்டுக்கே திருப்பி அனுப்பிவிடும். அழுத்துவதற்கு மிஞ்சுவது குறைந்துபோகும். வேகம் ஏறும்போது காற்றின் உந்தம் இந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டும். குறைந்த வேகத்தில் இழுவை இல்லாமல், மேல் வேகத்தில் தெளிந்ததற்கும் இதுவே விளக்கம்.

ஆக இருப்பது இரண்டு பழுதுகள். நான்கையும் தாழ்த்தும் ஒன்று. மூன்றாவதை மட்டும் மேலும் கீழே தள்ளும் மற்றொன்று. வெற்றிட மானியும் இதையே காட்டியிருந்தது: தாழ்ந்து நின்ற ஊசி முதல் பழுதுக்கும், துள்ளல் இரண்டாவதுக்கும் உரியவை. வால்வு வேலையில் மக்களை நாள்கணக்கில் அலையவிடுவது பெரும்பாலும் இத்தகைய இரட்டைப் பழுதுதான். ஒரே காரணம் அத்தனைக்கும் பதில் சொல்லவேண்டும் என்ற எதிர்பார்ப்போடு தேடினால், கிடைக்கும் ஒவ்வொரு காரணமும் பாதி அறிகுறிகளை விளக்கிவிட்டு மீதியில் நின்றுவிடும்.

காற்று காட்டிக்கொடுத்தது

மூன்றாம் சிலிண்டரின் கசிவு எந்த வழியாக என்று அறிய, அதன் பிஸ்டனைக் கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தினோம். எக்ஸாஸ்ட் குழாயில் சீறல் கேட்டது. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் உட்காரவில்லை. கூடவே கிராங்க் முன்னோக்கி வேகமாகச் சுழன்றது. (இந்தச் சோதனையின்போது கிராங்க் போல்ட்டில் ரெஞ்ச்சை மாட்டி வைத்துவிட்டுக் கையை அருகில் வைக்கக்கூடாது, அடி பலமாக விழும்.)

உச்சியில் நிற்கும் பிஸ்டனைக் காற்று தள்ளும்போது கிராங்க் சுழல்வது புதிதல்ல. மயிரிழை முன்பின் இருந்தாலே சுழலும். ஆனால் உண்மையிலேயே உச்சியை ஒட்டி நின்றால் ஒருமுறை முன்னோக்கியும் ஒருமுறை பின்னோக்கியும் போகும். மற்ற சிலிண்டர்களிலும் முயன்றபோது எல்லாவற்றிலும் முன்னோக்கியே, தயக்கமின்றிச் சுழன்றது. பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கணிசமாக இறங்கியிருந்தால்தான் அப்படி நடக்கும். புல்லியின் குறியோ மிகச் சரியாகப் பூஜ்ஜியத்தில் நின்றது.

அந்தக் குறியையே சோதிப்பதுதான் அடுத்த வேலை. பிளக் துளையில் மெல்லிய குச்சியை விட்டு அது எங்கே உச்சியில் நிற்கிறது என்று பார்ப்பது தோராயமான முறை. உச்சிக்கு அருகில் சில டிகிரிகளுக்குப் பிஸ்டன் அசைவதே தெரியாது. நம்பத்தக்க முறை வேறு. பிளக் துளையில் ஒரு தடுப்பானைத் திருகி, பிஸ்டன் உச்சியை எட்டும் முன்பே அதில் முட்டும்படி செய்யவேண்டும். கிராங்கில் டிகிரித் தட்டைப் பொருத்தி, முன்னோக்கிச் சுற்றி முட்டும் இடத்தையும், பின்னோக்கிச் சுற்றி முட்டும் இடத்தையும் குறிக்கவேண்டும். உண்மையான உச்சி அந்த இரண்டுக்கும் சரிநடுவில் இருக்கும். பெல்ட் மாட்டியிருக்கும்போது பின்னோக்கிச் சுற்றுவதால் மிக மெதுவாகச் சுற்றவேண்டும். தடுப்பானில் பிஸ்டன் தொட்டதும் நிறுத்திவிடவேண்டும்.

தட்டின் பூஜ்ஜியத்தைப் புல்லிக் குறிக்கு வைத்திருந்தோம். குறிக்கு முன்பாக 71 டிகிரியில் ஒரு முட்டல்; குறிக்குப் பின்பாக 37 டிகிரியில் மற்றொன்று. குறி சரியாக இருந்தால் இரண்டும் சமமாக இருக்கவேண்டும். வேறுபாடு 34, அதில் பாதி 17. புல்லிக் குறி பூஜ்ஜியம் என்று காட்டிய இடத்தில் கிராங்க் உண்மையில் உச்சியைக் கடந்து 17 டிகிரி போயிருந்தது.

புல்லி எப்படிப் பிசகும்

பெரும்பாலான கிராங்க் புல்லிகள் ஒரே இரும்புத் துண்டு அல்ல. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு கனத்த வளையம், இரண்டுக்கும் இடையே ஒட்டவைத்த ரப்பர். கிராங்கின் முறுக்கு அதிர்வைத் தணிக்கவே இந்த ரப்பர். குடம் சாவி எனப்படும் சிறு உலோகக் கட்டையால் கிராங்கோடு பூட்டப்பட்டிருப்பதால் நகராது. ரப்பரின் ஒட்டு வயதாலும் எண்ணெய்ப் படிவாலும் தளர்ந்தால் வெளிவளையம் மட்டும் நழுவும். ஆல்டர்நேட்டரையும் மற்றத் துணைக் கருவிகளையும் இழுப்பது வெளிவளையம்தான். அந்தச் சுமை அதைப் பின்னுக்கே பிடித்து இழுப்பதால் நழுவலும் பின்னோக்கியே நிகழும். டைமிங் குறியோ அந்த வெளிவளையத்தின் விளிம்பில் வெட்டப்பட்டிருக்கிறது.

இதுவரை நடந்த அனைத்தும் இங்கே வந்து சேர்ந்தன. குறி பின்தங்கியதால், அது சுட்டியை அடையும்போது கிராங்க் ஏற்கெனவே உச்சியைக் கடந்திருந்தது. அந்த நிலையில் கேம்களை அவற்றின் குறிகளில் நிறுத்திப் பெல்ட்டை மாட்டினார். 20 பல் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் என்பது 18 கிராங்க் டிகிரி. நழுவல் 17. எஞ்சிய ஒரு டிகிரி கேமில் அரை டிகிரிதான், கண்ணுக்குத் தட்டுப்படாது. எனவே இரண்டு கேம்களும் ஒரு பல் தாமதமாக, ஆனால் குறிகளின்படி அப்பழுக்கின்றிப் பொருந்திவிட்டன. இரண்டு சுற்று சுற்றிப் பார்க்கும் சோதனையும் அதே நழுவிய குறியையே அளவுகோலாகக் கொண்டதால் அதுவும் தேறிவிட்டது. கணினிக்குக் கிராங்கின் நிலையைச் சொல்லும் பல்சக்கரம் இந்த எஞ்சினில் புல்லி வளையத்தில் இல்லை. ஃப்ளைவீல் பக்கம் கிராங்கோடு நேராகப் பிணைந்திருக்கிறது. ஆகவே சென்சார் சொன்னது முழு உண்மை.

கேம் கவர் திறந்திருந்ததால் இன்னொரு வழியிலும் உறுதி செய்துகொண்டோம். முதல் சிலிண்டர் கம்ப்ரெஷன் உச்சியில் இருக்கும்போது நான்காம் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடும் தறுவாயிலும் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கும் தறுவாயிலும் இருக்கும். பல எஞ்சின்களில் இரண்டு பக்கெட்டுகளும் சிறிதளவு அழுந்தியிருக்கும். நாங்கள் கண்டறிந்த உண்மையான உச்சியில் எக்ஸாஸ்ட் பக்கெட் நன்றாக அழுந்தியிருந்தது. இன்டேக் அசையவே தொடங்கவில்லை. எந்தக் குறியையும் நம்பாமல் கேம்கள் பின்தங்கியிருப்பதைக் காட்டும் எளிய சோதனை இது. கேமின் வடிவத்தைப் பொறுத்துத் துல்லியம் மாறும் என்பதால் டைமிங்கை வைப்பதற்கு இதைப் பயன்படுத்தக்கூடாது. ஒரு பல் பிசகைப் பிடிப்பதற்குத் தாராளமாகப் போதும்.

திருத்தம்

புல்லியும் கீழ்மூடியும் கழன்றன. உள்ளே கிராங்க் ஸ்ப்ராக்கெட்டிலேயே ஒரு குறி இருக்கிறது; அதற்கு எதிரே ஆயில் பம்ப்பின் உடலில் இன்னொன்று. ஸ்ப்ராக்கெட் சாவியில் பூட்டப்பட்டது என்பதால் நழுவ வழியில்லை; சாவியும் அதன் பள்ளமும் தேய்ந்திருக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டோம். டிகிரித் தட்டில் கண்ட உச்சியும் இந்தக் குறியும் ஒத்துப்போயின. புல்லியைக் கழற்றாமல் வேலையை முடிக்கும் குறுக்குவழி மறைத்துவிடுவது இந்தக் குறியைத்தான்.

பெல்ட்டைத் தளர்த்தும் முன் கிராங்கை உச்சியிலிருந்து கால் சுற்று விலக்கினோம். அந்த நிலையில் நான்கு பிஸ்டன்களும் துளையின் நடுவாக்கில் நிற்பதால், ஸ்பிரிங் அழுத்தத்தில் கேம் திடீரெனப் புரண்டாலும் வால்வு எதன்மீதும் மோதாது. கேம்களை அவற்றின் அறுகோணப் பகுதியில் ரெஞ்ச்சால் பிடித்துக் குறிக்குக் கொண்டுவந்த பிறகே கிராங்கை உச்சிக்குத் திருப்பினோம். பெல்ட்டைக் கிராங்கில் தொடங்கி, இறுக்கமான பக்கத்தில் துளியும் தொய்வின்றி ஏற்றி, இரண்டு கேம்களைக் கடந்து, மிச்சத் தொய்வு முழுவதும் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர் பக்கம் சேரும்படி மாட்டினோம். தொய்வு வேறு பக்கத்தில் தங்கிவிட்டால், டென்ஷனரை விடுவித்ததும் அது இடம்மாறிக் கேமையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் இறுக்கும் முன் குறிகள் எவ்வளவு அழகாக நின்றாலும் அதற்கு மதிப்பில்லை. இறுக்கி, ஓடும் திசையில் இரண்டு சுற்று சுற்றிய பிறகு எங்கே நிற்கின்றன என்பதே கணக்கு.

மறுபடி எடுத்த கம்ப்ரெஷன்: 180, 182, 120, 178. மூன்று சிலிண்டர்கள் மீண்டுவிட்டன. மூன்றாவது தன் சொந்தப் பழுதோடு தனியே நின்றது.

மூன்றாம் சிலிண்டர்

குளிர்ந்த எஞ்சினில், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் இடைவெளிகளை எடுத்தோம். புதிதாக வெட்டப்பட்ட சீட்டுக்குரிய எக்ஸாஸ்ட் வால்வில் மிக மெல்லிய 0.04 மி.மீ. இலைகூட நுழையவில்லை. இருக்கவேண்டிய அளவு 0.25 முதல் 0.35.

சீட்டை வெட்டும்போது வால்வு ஹெட்டுக்குள் இன்னும் ஆழமாக உட்காருகிறது. அதன் தண்டு முனை அதே அளவு மேலே எழும்புகிறது. அங்கே பழைய ஷிம்மையே வைத்தால் இடைவெளி மறைந்து, வால்வை அழுத்தக்கூடாத பகுதியான கேமின் அடிவட்டமே வால்வைச் சற்றுத் திறந்து பிடித்துக்கொள்ளும். நண்பர் ஒட்டிய பெயர்ச்சீட்டுகளும் அறைகளும் ஷிம்மை அது இருந்த இடத்துக்கே கொண்டுசேர்த்தன. ஆனால் அந்த இடத்தின் உயரம் பட்டறையில் மாறிவிட்டது. நழுவிய புல்லியில் நடந்ததும் அடிப்படையில் இதேதான். புல்லிக் குறி, ஷிம்மின் பெயர்ச்சீட்டு இரண்டும் எஞ்சினின் பழைய நிலைக்குரியவை. இப்போதைய நிலையை யாரும் அளந்து பார்க்கவில்லை.

இடைவெளியே இல்லாத வால்வுக்குப் புதிய ஷிம்மைக் கணக்கிடுவது எப்படி என்பது பலரும் தடுமாறும் இடம். வழக்கமான வாய்ப்பாடு எளிது: இருக்கும் ஷிம்மின் கனத்தோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழிக்கவேண்டும். ஆனால் வால்வு ஏற்கெனவே திறந்து நிற்கும்போது அளப்பதற்கு ஒன்றுமில்லை. எவ்வளவு திறந்திருக்கிறது என்பதும் தெரியாது. அதனால் பக்கெட்டை அழுத்திப் பிடிக்கும் கருவியால் பழைய 2.75 மி.மீ. ஷிம்மை எடுத்துவிட்டு, தற்காலிகமாக 2.50 மி.மீ. ஷிம் ஒன்றை வைத்தோம். இப்போது 0.21 இடைவெளி கிடைத்தது. 2.50 கூட்டல் 0.21 கழித்தல் 0.30, விடை 2.41. கிடைக்கும் அளவுகளில் நெருக்கமானது 2.40, அதை வைத்தபோது இடைவெளி 0.31. பழைய ஷிம்மோடு வால்வு 0.04 மி.மீ. திறந்தே இருந்திருக்கிறது என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகிறது.

ஷிம்மில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்துகொள்வது நல்லது. தேய்ந்த ஷிம் எண்ணைவிட மெலிந்திருக்கும். எண் உள்ள பக்கம் கீழே, பக்கெட்டை நோக்கி இருக்கட்டும். மேலே இருந்தால் கேம் அதைத் தேய்த்து அழித்துவிடும்.

இந்த வால்வு எந்தச் சத்தமும் எழுப்பவில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். டேப்பெட் சத்தம் கேட்டால் கவலைப்படுவதும், கேட்காவிட்டால் நிம்மதி அடைவதும் பரவலான வழக்கம். இடைவெளி அதிகமான வால்வு டிக் டிக் என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். உடனடிச் சேதம் குறைவு. இடைவெளி அற்றுப்போன எக்ஸாஸ்ட் வால்வு அமைதியாக இருந்துகொண்டே எரியும். வால்வின் தலையில் சேரும் வெப்பத்தின் பெரும்பகுதி சீட்டைத் தொட்டிருக்கும் நேரத்தில்தான் வெளியேறுகிறது. தொடவே முடியாவிட்டால் வெப்பம் போக இடமின்றி விளிம்பு கருகி உடைகிறது. ஐடிலில் சிறிது நேரமே ஓடியிருந்ததால் இந்த வால்வு தப்பியது. சென்சாரை மாற்றிவிட்டுச் சாலையில் ஓட்டத் தொடங்கியிருந்தால் தப்பியிருக்காது என்றே நினைக்கிறேன்.

மற்ற பதினைந்து வால்வுகளையும் அளந்தோம். லேப்பிங் மட்டும் கண்டவற்றில் இரண்டு கீழ் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றன; அவற்றுக்கும் சற்று மெல்லிய ஷிம் போட்டோம். மூன்றாம் சிலிண்டரின் கம்ப்ரெஷன் 176-க்கு ஏறியது. வெற்றிட மானியின் ஊசி 19-ல் அசையாமல் நின்றது. அழித்த குறியீடு திரும்ப வரவில்லை.

பழைய புல்லியில் புதுக் குறி வெட்டி ஓட்டலாமா என்று நண்பர் கேட்டார். கூடாது. ஒட்டு விட்ட ரப்பர் மேலும் நழுவும். ஒருநாள் வளையம் முழுதாகக் கழன்று வெளியேறவும் கூடும். புதிய புல்லி மாட்டி, அதன் குறி உண்மையான உச்சியோடு ஒத்திருக்கிறதா என்று தடுப்பான் வைத்து மறுபடி சோதித்தோம். பிறகு குடத்திலிருந்து ரப்பரைக் கடந்து வளையத்தின் விளிம்பு வரை வெள்ளை வண்ணத்தில் ஒரே நேர்கோடு தீட்டிவைத்தோம். வளையம் நழுவினால் கோடு ரப்பரின் இருபுறமும் விலகித் தெரியும். அடுத்த முறை யார் பெல்ட்டைத் தொட்டாலும், குறியைச் சேர்க்கும் முன் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்ளலாம். புதிய சீட்டில் வால்வு படிந்து உட்காரும்போது இடைவெளி மேலும் சிறிது குறையும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த ஒரு வால்வை மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறேன்.